முதல்முறை வினாடி வினா நடத்தப் போகிறீர்களா?

பொங்கல் விழாவில் கோலப் போட்டி முடிந்து பரிசளிப்பு தொடங்குவதற்குள் ஒரு மணி நேரம் காலியாகக் கிடக்கும். "நீங்கதான் நிறையப் படிக்கிறவராச்சே, ஒரு குவிஸ் வெச்சிடுங்களேன்" என்று குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் யாரையாவது பிடித்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் குடியிருப்பில் மாட்டியது நான். அன்று இரவே வாட்ஸ்அப்பில் வந்து கிடந்த "உங்களுக்குத் தெரியுமா?" தகவல்களில் நாற்பதைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கேள்விக்குறியை ஒட்டிக்கொண்டு மறுநாள் மேடை ஏறிவிட்டேன்.

சொதப்பல் என்றால் அப்படியொரு சொதப்பல். பாதிக் கேள்விகளுக்கு ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மீதியில் மூன்றுக்கு நான் வைத்திருந்த விடையே தப்பு. "நிலவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் மனிதப் படைப்பு எது?" என்று கேட்டு, "சீனப் பெருஞ்சுவர்" என்று பெருமையாக அறிவித்தேன். முன்வரிசையில் இருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "பூமியைச் சுத்தி வந்த சீன வீரருக்கே தெரியலையாமே அங்கிள், நிலாவிலேர்ந்து எப்படித் தெரியும்?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. 2003-இல் விண்வெளிக்குப் போய்வந்த முதல் சீன வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், சுவருக்கு நீளம்தான் அதிகம், அகலம் சில மீட்டர்தான். நிலவோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தாலே மேடையில் அசடு வழிந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் என்னையே நடத்தச் சொன்னார்கள் (வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை). இப்போது ஓரளவு கை பழகிவிட்டது. நீங்களும் இப்படித் திடீரென்று மாட்டியிருந்தால், வேலையை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் நோட்டு, அப்புறம்தான் கேள்வி

கேள்வி எழுத உட்காராதீர்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குத் தகவல் மட்டும் சேருங்கள். கையில் ஒரு நோட்டு போதும். வினாடி வினா வட்டாரத்தில் கேள்விக்குப் பின்னால் இருக்கும் சுவையான விஷயத்தை "ஃபண்டா" என்பார்கள். அதை ஒரு வரியில் எழுதி, எங்கே படித்தீர்கள் என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது குறிப்பை எழுதச் சோம்பல்படுவீர்கள். நானும் பட்டேன். விழா நாளன்று யாராவது "எங்க சார் போட்டிருக்கு?" என்று கேட்கும்போது அதன் அருமை தெரியும்.

எதைச் சேர்ப்பது? பொது அறிவுப் புத்தகத்துத் தலைநகரங்களையும் நாணயங்களையும் விட்டுவிடுங்கள். தெரிந்த இரண்டு பொருள்கள் எதிர்பாராத இடத்தில் சந்திக்கும் தகவல்களைத் தேடுங்கள். கிசாவின் பெரிய பிரமிடு சுமார் கி.மு. 2560-இல் கட்டப்பட்டது. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல். ஆக, எகிப்தின் ராணி பிரமிடுக்கு இருந்ததைவிட நிலவுப் பயணத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். இந்த மூன்று தகவல்களுமே பள்ளிக்கூடத்தில் படித்தவைதான், ஆனால் யாரும் அவற்றை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆக்ஸ்போர்டில் 1096-லேயே பாடம் நடந்துகொண்டிருந்தது, மெக்சிகோவின் ஆஸ்டெக்குகள் தங்கள் தலைநகர் டெனோச்டிட்லானை நிறுவியது 1325-இல் என்பதும் இதே ஜாதி. மனத்தில் "பழைய நாகரிகம்" என்று ஒரு பெட்டி, "பல்கலைக்கழகம்" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோமே, அந்தப் பெட்டிகள் இடம் மாறும்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது.

சலித்தெடுப்பது

இந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஒரு தகவல் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பது என் கணக்கு. இனிப்பாக இருப்பதால்தான் யாரும் சரிபார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

நம்மூரில் அதிகம் சுற்றும் சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் நோட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். "இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி." எத்தனையோ பொது அறிவுப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் தந்தது. "யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்தது." யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. "தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியப் படம்." ஊதா, பச்சை, சிவப்பாக மின்னுமே, அதுதான். அது ஒரே இரவில் எடுத்த படமே இல்லை. 1992 முதல் 2003 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து, இரவு விளக்குகள் எங்கெங்கே எப்போது கூடின என்று காட்ட நிறம் கொடுத்துத் தயாரித்த படம். ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் வருகிறது, பட்டாசு மாதிரி.

வெளிநாட்டுச் சரக்கும் இதற்குக் குறைந்ததில்லை. ஐன்ஸ்டீன் பள்ளியில் கணக்கில் தோற்றார் என்பார்கள். 1935-இல் அவரிடமே அதைக் காட்டியபோது, பதினைந்து வயதுக்குள் நுண்கணிதத்தைத் தேறிவிட்டதாகச் சொல்லி மறுத்திருக்கிறார். மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது, தங்கமீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம், நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைக்கும், காளை சிவப்பைக் கண்டால் மிரளும், எல்லாமே தவறு. மாட்டுக்குச் சிவப்பு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, மிரள்வது துணியின் அசைவைப் பார்த்து. சார்லி சாப்ளின் தன்னைப் போலவே வேடமிடும் போட்டியில் கலந்துகொண்டு தோற்றார் என்ற கதையும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உறுதியான ஆதாரம்தான் இல்லை. இவற்றைக் கேள்வியாக வைக்க ஒரு வழி உண்டு: "உண்மையா, கட்டுக்கதையா?" என்று ஒரு சுற்றே நடத்திவிடலாம். எங்கள் விழாவில் பெரியவர்கள் அதிகம் கோட்டைவிடும் சுற்று அதுதான், பிள்ளைகளுக்கு அதில் பரம சந்தோஷம்.

சரிபார்ப்பதற்கு இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக்கூடாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பத்து இணையதளங்களில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தால் அது ஒரு சாட்சிதான், பத்து இல்லை. விண்வெளி விஷயமா, விண்வெளி நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். நோபல் பரிசா, நோபல் அமைப்பின் தளத்திலேயே எல்லாம் இருக்கிறது. விக்கிபீடியாவைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரிக்கு அடியில் கொடுத்திருக்கும் சான்றையும் திறந்து பாருங்கள். தமிழ் அச்சு, தமிழ் சினிமா பற்றியெல்லாம் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாராவும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன.

மற்றவர்களின் கேள்விகளை அப்படியே சுடுவது பற்றி ஒரு கதை. அமெரிக்காவில் பிரெட் வொர்த் என்பவர் பொது அறிவுத் துணுக்குகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். யாராவது திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் "பிலிப்" என்று ஒரு பொய்யை நடுவில் செருகி வைத்தார். பிறகு ட்ரிவியல் பர்சூட் என்ற விளையாட்டு சக்கைப்போடு போட்டது. அதன் கேள்வி அட்டை ஒன்றில் அதே "பிலிப்"! 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவர் புத்தகத்தைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள், வேறு புத்தகங்களையும் பயன்படுத்தினோம் என்றார்கள். உண்மைத் தகவல்களுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. வொர்த் தோற்றார், சரி. ஆனால் அட்டையில் இருந்த விடை பொய்தானே? நீங்கள் எடுக்கும் புத்தகத்தில் எத்தனை பிலிப்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ!

தகவலைக் கேள்வியாக்குவது

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் வழுக்கும் இடம் இது. "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?" மூன்று. தகவல் அருமையானது: இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தை அனுப்புகின்றன, ஒன்று உடம்புக்கு. ஆனால் கேள்வியாகப் பார்த்தால் மட்டம். தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் இரண்டு, நான்கு, ஐந்து என்று குருட்டாம்போக்கில் அடிப்பார். யோசிக்க அதில் எதுவும் இல்லை.

அதே ஆக்டோபஸை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஒரு புரதம், அதனால் ரத்தம் சிவப்பு. ஆக்டோபஸில் அந்த வேலையைச் செய்வது செம்பு உள்ள புரதம். அப்படியானால் அதன் ரத்தம் என்ன நிறம்?" இப்போது மூன்று பேர் கொண்ட அணி தலையைச் சேர்த்துக்கொண்டு குசுகுசுக்கும். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தம் பார்த்த ஞாபகம் ஒருவருக்கு வரும். செம்பு உள்ள உப்புதானே அது, "நீலம்!" என்பார். விடை சரி. அவருக்கு அது முன்பே தெரியாது, அங்கேயே கண்டுபிடித்தார். வினாடி வினாக்காரர்கள் இதை "வொர்க் அவுட் ஆகும் கேள்வி" என்பார்கள். பாட்டுக்குச் சுருதி மாதிரி, கேள்விக்கு இது. நாற்பதில் இருபத்தைந்து கேள்வியாவது இப்படி இருந்தால் உங்கள் விழா தேறிவிடும்.

இன்னொன்று முழுதாகச் செய்து காட்டுகிறேன். நோட்டில் இருக்கும் ஃபண்டா: ஹீலியம் பூமியில் அகப்படுவதற்கு முன்பே சூரியனில் அடையாளம் தெரிந்த தனிமம். "ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் வம்பு. பிரான்ஸின் ஜான்சனா, இங்கிலாந்தின் லாக்கியரா, பூமியில் பிரித்தெடுத்த ராம்சேயா என்று சபை மூன்றாகும். "யார்" என்பதை விட்டு "எது" என்று திருப்புங்கள்:

"1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரான்சிலிருந்து ஒருவர் குண்டூருக்கு வந்திருந்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட்டிருந்தார். அன்று சூரியனின் நிறமாலையில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. அந்தப் பொருள் பூமியில் கைக்கு அகப்பட இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. கிரேக்க மொழியில் சூரியனைக் குறிக்கும் சொல்தான் அதற்குப் பெயரானது. இன்று பிறந்தநாள் வீடுகளில் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். என்ன அது?"

முதல் மூன்று வரிகளிலேயே சிலருக்குப் பிடிபடும். கிரேக்கப் பெயரில் இன்னும் சிலருக்கு. கடைசி வரியில் பலூனைப் பார்த்த சிறுவனுக்கும் பிடிபடும். துப்புகளைக் கடினத்திலிருந்து எளிமைக்கு இறக்கிக்கொண்டே வர வேண்டும், மாடிப்படி இறங்குகிற மாதிரி. எளிய துப்பை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் மற்ற வரிகளை யாரும் கேட்கமாட்டார்கள்.

சில தகவல்கள் துப்பே தேவையில்லாமல் தாமாகவே கேள்வியாக நிற்கும். "1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. ஆனால் அதன் பெயர் தமிழில் தங்கிவிட்டது, கில்லாடியான ஆளையும் மிரட்டும் மாமனாரையும் நாம் இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறோம்." எம்டன் என்று நான்கு பக்கமிருந்தும் குரல் வரும். விடை தெரிந்தவர்களிலும் பாதிப்பேருக்கு அது கப்பல் என்பது அப்போதுதான் தெரியும். உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டுப் பலகை இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த வாரம் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

எழுதி முடித்ததும் வீட்டில் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். என் சோதனைக்கு அகப்படுபவர்கள் மனைவியும் மச்சினனும். இருவருமே உடனே சொல்லிவிட்டால் அது "சிட்டர்", முதல் சுற்றுக்கு மட்டும் ஆகும். இருவரும் ஊகிக்கக்கூட முயலவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். "அட, தெரிஞ்சிருக்கணுமே!" என்று தலையில் தட்டிக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விடைதானா?

இரண்டாம் வருடம் எனக்கு அடி விழுந்தது இங்கே. "ஓராண்டைவிட ஒரு நாள் நீளமாக இருக்கும் கோள் எது?" என்று கேட்டேன். விடை வெள்ளி. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மெல்ல எழுந்தார். "தம்பி, எந்த நாளைச் சொல்றீங்க?" வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் கணக்கில் 243 நாள். சூரியனைச் சுற்ற 225 நாள். அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை எடுத்துக்கொண்டால், அது எதிர்த்திசையில் சுழல்வதால், சுமார் 117 நாள்தான். நம் வழக்கில் "நாள்" என்றால் விடியலுக்கு விடியல்தானே? "தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள ஆகும் காலம்" என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. நான்கு சொல் மிச்சம் பிடிக்கப் போய் பத்து நிமிடம் போயிற்று.

கேள்வியில் "பெரிய", "முதல்", "நீளமான", "உயரமான" என்று வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். எதில் பெரியது? உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா என்று எழுதியிருந்தால், 1.4 கோடி சதுர கிலோமீட்டர் அண்டார்டிகாவும் மழையளவின்படி பாலைவனம்தான் என்று ஒருவர் வருவார். "வெப்பப் பாலைவனம்" என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது. எவரெஸ்ட் 8,848.86 மீட்டர் என்பது கடல் மட்டத்திலிருந்து. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ உச்சிதான் தொலைவு, ஏனென்றால் பூமி நிலநடுக்கோட்டில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நைலா அமேசானா என்ற பக்கமே போகாதீர்கள், அளக்கிறவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள்.

"முதல்" அதைவிட மோசம். இந்தியாவின் முதல் திரைப்படம் 1913-இன் ராஜா ஹரிச்சந்திரா என்று சொன்னால், 1912-லேயே வந்த புண்டலிக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். "முழுநீள" என்று சேர்த்துத் தப்பிக்கலாம். சந்தேகமில்லாத முதல்களும் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். உலகின் முதல் பெண் பிரதமர் இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960. இங்கே நிறையப் பேர் இந்திரா காந்தி என்பார்கள். இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ். 1578-இல் கொல்லத்தில், தம்பிரான் வணக்கம். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் யார் என்று கேட்டால் "ரகுமான்" என்று சத்தம் வரும், கொஞ்சம் யோசித்தவர்கள் "சத்யஜித் ரே" என்பார்கள். விடை பானு அத்தையா, காந்தி படத்தின் உடைகளுக்காக, 1983-இல்.

எண்களைக் கேட்பதாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வரலாற்றிலேயே சின்னப் போர் 1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்தது. அது 38 நிமிடம் என்பார்கள், 40 என்பார்கள், 45 என்பார்கள். எனவே நிமிடத்தைக் கேட்காதீர்கள். நிமிடத்தைத் துப்பாகக் கொடுத்து ("ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த போர்") எந்தத் தீவு என்று கேளுங்கள்.

பிடிவாதமாக எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றை அசைத்துப் பார்ப்பதும் நல்ல உத்தி, விடை ஐயத்துக்கிடமில்லாமல் இருந்தால். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்று என்ன? சி.வி. ராமனின் பிறந்தநாள் என்று கை தூக்குவார்கள். அவர் பிறந்தது நவம்பர் 7. 1928 பிப்ரவரி 28 ராமன் விளைவைக் கண்டறிந்த நாள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்பதும் இப்படித்தான். நமக்கு எத்தனையோ அத்தனைதான், ஏழு.

சினிமாச் சுற்று

எதை விட்டாலும் இதை விடமுடியாது, கூட்டத்தைக் கட்டிப்போடுவது இதுதான். ஆனால் மூன்று தீபாவளி ஓடிய படம் எது, முதல் பேசும் படம் எது என்பதெல்லாம் அரைத்த மாவு. விடையைப் பிடித்து முடிச்சுப் போடாமல், வேறு முனையிலிருந்து இழுங்கள்.

எங்கள் விழாவில் நன்றாக எடுபட்ட ஒன்று: "அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர். தமிழ் தெரியாது. ஆனாலும் 1936 முதல் 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமியை மீராவாகக் காட்டியவர் இவர்தான். இவர் இயக்கிய முதல் தமிழ்ப் படத்தில் சின்ன வேடத்தில் அறிமுகமான ஒரு இளைஞர் பின்னாளில் முதலமைச்சர் ஆனார். அந்த இளைஞர் யார்?" இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் பெயர் சிலருக்குத்தான் தெரியும். ஆனால் முதலமைச்சரான நடிகர் எம்.ஜி.ஆர். என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார். பெயரைக் கேட்டிருந்தால் அரங்கம் மௌனமாகியிருக்கும். படம் சதி லீலாவதி.

1954-இல் வந்த அந்த நாள் படத்தைப் பற்றி "இயக்குநர் யார்?" என்று கேட்காமல், "அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் என்றால் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று இதில் ஒன்றுகூட இல்லை, என்ன?" என்று கேளுங்கள். பாட்டு என்ற விடை கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

பாட்டு ஒலிக்கவிட்டுக் கேட்பதாக இருந்தால் ஒலிபெருக்கியை முந்தின நாளே சோதித்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மேடையில்

அணிக்கு மூன்று பேர், ஆறு அணி. வயது கலந்து இருந்தால் நல்லது, எட்டாம் வகுப்பும் எண்பது வயதும் ஒரே அணியில் இருந்தால் வரலாறும் கார்ட்டூனும் சேர்ந்து கிடைக்கும். நிறையப் பேர் வந்தால் முதலில் இருபது கேள்விக்கு எழுத்துத் தேர்வு வைத்து ஆறு அணியை எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேடைக் கேள்வி முப்பத்தாறு போதும், கையில் பத்து கூடுதலாக இருக்கட்டும்.

பழைய முறையில் ஒவ்வொரு அணிக்கும் நேர்க் கேள்வி, தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு "பாஸ்". இதில் ஒரு அநியாயம் உண்டு: மக்கு அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு யோகம். இதைச் சரிக்கட்ட, விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்குவார்கள். அப்புறம் "பவுன்ஸ்" என்று ஒன்றும் உண்டு. கேள்வி தங்களிடம் வருவதற்கு முன்பே சீட்டில் விடை எழுதிக் கொடுக்கலாம். சரியென்றால் பத்து, தப்பென்றால் ஐந்து கழிவு. முதல் தடவை நடத்துகிறவர்கள் இதை விட்டுவிடலாம், மதிப்பெண் எழுதுகிறவர் திணறிவிடுவார்.

தகராறு வரும். வந்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். நோட்டில் எழுதிவைத்த இடத்தைக் காட்டுங்கள். அவர் சொல்வதில் நியாயம் இருந்தால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு நகருங்கள். பரிசு எவர்சில்வர் டப்பாதான்.

விடையைச் சொல்லும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். "சரியான விடை, அடுத்த கேள்வி" என்று ஓடினால் ஃபண்டா வீணாகிவிடும். எவரெஸ்ட் என்று விடை வந்ததும் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்: சிகரத்துக்குப் பெயரான ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமை தாங்கிய அந்த நில அளவைப் பணி 1802-இல் நம் பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் அளந்த ஒரு நேர்க்கோட்டிலிருந்துதான் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து ராதாநாத் சிக்தரின் கணக்கு அந்தச் சிகரம்தான் உயரமானது என்று காட்டியது. விமான நிலையத்துக்குப் போகும்போது தினமும் அந்தக் குன்றைக் கடக்கிறவர்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள்.

கடைசியில் இரண்டு அணி சமமாக நின்றால் பதறவேண்டாம். ஒரு எண்ணைக் கேட்டு, இரண்டு அணிகளையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், யார் கிட்டே வருகிறாரோ அவருக்குப் பரிசு. நான் பைக்குள் எப்போதும் வைத்திருப்பது இது: அப்பல்லோ 11 நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லும் மண்ணும் மொத்தம் எத்தனை கிலோ? போன வருடம் ஒரு அணி 500 என்று எழுதியது, இன்னொன்று 3 என்று எழுதியது. விடை சுமார் 21.5. மூன்று என்று எழுதிய அணியில் இருந்தவள், முதல் வருடம் சீனச் சுவரில் என்னை மடக்கியவள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அடுத்த பொங்கலுக்குக் கேள்வி எழுதுவது அவள்தான். நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், எங்கே படித்தது என்று எழுதாமல் விட்ட பக்கங்களுக்கெல்லாம் பென்சிலில் சுழி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.